சில்வர் ராடும் கழன்று வந்த காதுகளும்: தகட்டு உறையில் பிரேசிங் இணைப்பு முறிந்த ஒரு நிகழ்வு

## பின்னணி

எங்கள் பட்டறையில் காற்று கம்ப்ரசர்களுக்கு மேலுறை செய்கிறோம். 1.2 மி.மீ. குளிர் உருட்டு எஃகுத் தகட்டை மடித்துப் பெட்டி வடிவில் எடுத்து, உட்சுவரில் நான்கு மூலைக்கும் ஒவ்வொரு காது வைப்போம். காது 1.6 மி.மீ. தகட்டில் ‘ட’ வடிவத்தில் மடித்தது, 25 மி.மீ. அகலம். அதன் ஒரு பக்கம் சுவரில் படிந்து உட்காரும்; அதைப் பாதம் என்போம். மறுபக்கம் சுவருக்குச் செங்குத்தாக நிற்கும். அதிலுள்ள துளையில் ரப்பர் புஷ் போட்டு இயந்திரச் சட்டத்தோடு போல்ட் முடுக்குவார்கள்.

இந்தக் காதுகளை ஆர்க் வெல்டிங்கில் பிடித்தால் 1.2 மி.மீ. தகடு எளிதில் ஓட்டை விழும். விழாவிட்டாலும் வெளிமுகம் நெளியும். ஸ்பாட் வெல்டிங்கின் பள்ளம் பெயின்டுக்கு மேலும் தெரிந்தது. அதனால் பிரேசிங்கைத் தேர்ந்தோம்; தகட்டை உருக்காமல், அதைவிடக் குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கம்பியை (ராடு) இடுக்கில் ஓடவிட்டு ஒட்டும் முறை அது. முதலில் பித்தளை ராடும், ஆக்சைடை நீக்கி உலோகம் பரவ உதவும் பிளக்ஸாக வெங்காரமும்தான். செம்பு 60, துத்தநாகம் 40 என்ற விகிதத்திலுள்ள அந்த ராடு உருக 900 டிகிரி செல்சியஸ் அருகே சூடேற வேண்டும். துத்தநாகம் கொதிப்பது 907 டிகிரியில். டார்ச் சற்று அதிக நேரம் நின்றுவிட்டால் வெண்புகை கிளம்பும், இணைப்பில் ஊசித்துளை விழும். அந்தச் சூட்டில் தகடும் பதம் இழந்து மெத்தென்று ஆகிவிடும்.

ஆகவே 45 சதவீதம் வெள்ளி கலந்த, காட்மியம் இல்லாத ராடுக்கு மாறினோம். அது 640 டிகிரியில் இளகத் தொடங்கி 680 டிகிரிக்குள் முழுதும் உருகிவிடும். நெளிவு குறைந்தது, புகை நின்றது. முதல் சில மாத உறைகளில் ஒரு காதுகூடப் பழுதாகவில்லை.

எங்களிடம் வேறொரு மேசையும் உண்டு. அங்கே கம்ப்ரசரின் செம்புக் குழாய்களைப் பற்றவைப்பார்கள். அதற்குத் தனி ராடு. இரண்டு மேசைக்காரர்களும் தங்கள் ராடைச் ‘சில்வர் ராடு’ என்றுதான் சொல்வார்கள். அப்போது அது யாருக்கும் தவறாகப் படவில்லை.

## முதல் புகாரும் எங்கள் முதல் தவறும்

வாடிக்கையாளரிடமிருந்து மூன்று உறைகள் திரும்பி வந்தன. மூன்றிலும் ஒரு காது முழுதாகக் கழன்றிருந்தது. இயந்திரம் ஓடத் தொடங்கி நான்கைந்து வாரங்களே ஆகியிருந்தன.

தரப் பொறுப்பு என்னுடையது. அன்று நான் செய்தது இதுதான்: கழன்ற காதைக் கையில் எடுத்தேன், “சூடு பத்தல போல, இன்னும் நல்லா காய்ச்சி, ராடு கொஞ்சம் தாராளமா விடு தம்பி” என்று சொல்லிப் பற்றவைக்கும் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். அவர் பழைய பற்றை, அதாவது உருகி உறைந்த ராடு உலோகத்தை, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார், பிளக்ஸ் தடவினார், அதே இடத்தில் மறுபடி வைத்தார். பார்வைக்கு முன்பைவிட நன்றாகவே இருந்தது. விளிம்பு சுற்றிலும் தடித்த வரப்பு போல உலோகம் நின்றது. மூன்றையும் அனுப்பிவிட்டோம்.

உடைந்த முகம் என்பது நடந்ததைச் சொல்லும் ஒரே சாட்சி. மூன்று சாட்சிகளையும் நானே டார்ச்சில் காட்டி அழித்துவிட்டேன். அந்த மூன்றில் இரண்டு ஆறு வாரத்தில் மறுபடி வந்தன; கூடவே புதிதாக ஐந்து உறைகளும் வந்தன. இடைப்பட்ட ஆறு வாரமும் நாங்கள் அதே முறையில் உறை செய்து அனுப்பிக்கொண்டே இருந்தோம். இந்த நிகழ்வில் ஆன மொத்தச் சேதத்தில் பெரும்பங்கு அந்த ஆறு வாரத்தில் ஆனது.

## உடைந்த முகத்தில் கண்டது

இம்முறை எதையும் தேய்க்கவில்லை. ஏழு உறைகளையும் வெளிச்சத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தோம்.

கழன்ற காதின் பாதத்தில் உலோகம் முழுவதும் ஒட்டியிருந்தது. உறைச் சுவரில், அது இருந்த இடத்தில், ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மழமழவென்று சாம்பல் நிறத்தில் ஒரு செவ்வகம், அதில் அங்கங்கே உலோகத் துணுக்கு. சுவரிலிருந்து தாள் பிரிந்ததுபோல் பிரிந்திருந்தது. வேறு இரண்டு காதுகளில் இதற்கு நேர்மாறு: சுவரில் உலோகம், பாதத்தில் சாம்பல் முகம். எந்த இடத்திலும் ராடின் உலோகம் நடுவில் கிழியவில்லை. எல்லாப் பிரிவும் எஃகின் எல்லையிலேயே நடந்திருந்தது.

இது முக்கியமான குறிப்பு. சூடு பற்றாமல் ராடு ஓடாதிருந்தால் எஃகு முகத்தில் பிளக்ஸின் கண்ணாடிப் படலமோ கருத்த ஆக்சைடோ இருக்க வேண்டும். இங்கே உலோகம் எஃகை நன்றாக நனைத்து, பரவி, பிறகு பிரிந்திருக்கிறது. சூடு பற்றவில்லை என்ற என் முடிவு அப்போதே விழுந்தது.

அந்தச் சாம்பல் முகத்தில் பழைய அரம் ஒன்றை வைத்து இழுத்தேன். பக்கத்துத் தகட்டில் கவ்விய அரம் அந்தச் செவ்வகத்தின் மேல் வழுக்கியது. மென்எஃகு அப்படி வழுக்காது. ஏதோ கடினமான ஒன்று அங்கே உருவாகியிருந்தது.

பட்டறையின் மூத்த பற்றவைப்பாளர், செம்புக் குழாய் மேசையிலேயே பல வருடம் இருந்தவர், எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இதுக்கு எந்த ராடு போட்டீங்க தம்பி?”

“சில்வர் ராடுதாண்ணே.”

“எந்த சில்வர்?”

அந்தக் கேள்விக்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

## ராடு எங்கிருந்து வந்தது

ஸ்டோரில் ஒரே டப்பாவில் இரண்டு வகை ராடு கிடந்தது. அரத்தால் நுனியைத் தேய்த்தபோது ஒன்று வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளையாகவும் மற்றது செம்பு நிறமாகவும் தெரிந்தது. செம்பு நிறத்தது செம்புக் குழாய்க்கு வாங்கியது: வெள்ளி 15, செம்பு 80, பாஸ்பரஸ் 5 சதவீதம். 45 சதவீத ராடு தீர்ந்தபோது, ‘சில்வர் ராடு’ என்று கேட்ட தம்பிக்கு ஸ்டோரில் இதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு வாங்கும் பொறுப்பில் இருந்தவர், வெள்ளி குறைவாக இருப்பதால் விலை குறைந்த அதே வகை என்று நினைத்து, இதையே தொடர்ந்து வாங்கியிருக்கிறார். யாரும் அலட்சியமாக இருந்ததாக நான் நினைக்கவில்லை. இரண்டு பொருளுக்கு ஒரே பெயர் வைத்திருந்தோம். பெயரைக் கேட்டவர்கள் பெயருக்குரியதைக் கொடுத்தார்கள்.

பாஸ்பரஸ் கலந்த ராடு செம்புக்கு மிக நல்லது. செம்பின் மேலுள்ள ஆக்சைடைப் பாஸ்பரஸே தின்றுவிடும்; பிளக்ஸ்கூட வேண்டாம். எஃகில் அதே பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்து இரும்புப் பாஸ்பைடாகிறது. கடினமானது, கண்ணாடி போல நொறுங்குவது. பற்று ஓடும்போதே எஃகு முகத்தில் ஒரு படலமாக இது உருவாகிவிடும். பாஸ்பரஸ் ராடுகளை எஃகிலும் நிக்கலிலும் பயன்படுத்தக் கூடாது என்பது பிரேசிங்கின் பழைய விதி. தெரியாத விதி இல்லை. பிளக்ஸ் போட்டால் இந்த ராடு எஃகிலும் அழகாக ஓடும், விளிம்பில் வழவழப்பாக நிற்கும். அதனால்தான் கண்ணுக்கு அகப்படவில்லை. அதற்கு மேல் பெயின்ட் அடித்துவிட்டால் நிறமும் மறைந்துவிடும்.

என் ‘திருத்தம்’ ஏன் நிலைமையை மோசமாக்கியது என்பதும் விளங்கியது. அதிகச் சூடும் அதிக நேரமும் பாஸ்பரஸும் இரும்பும் சேர்வதற்கு இன்னும் வாய்ப்புக் கொடுத்தன. தாராளமாக விட்ட ராடு இன்னும் பாஸ்பரஸைக் கொண்டுவந்தது.

## ஒப்பிட்டுப் பார்த்த சோதனை

ஊகத்தோடு நிறுத்த வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒரே தகடு, ஒரே பிளக்ஸ், ஒரே கை. ஒவ்வொரு ராடிலும் ஆறு மாதிரிகள். ஆறியதும் வெந்நீரில் ஊறவைத்துப் பிளக்ஸைக் கழுவிவிட்டு, தகட்டை வைஸில் கடித்துக் காதை இடுக்கியால் பிடித்து உரித்தோம்.

15 சதவீத ராடு போட்ட ஆறும் ‘டக்’ என்ற ஒரு சத்தத்தோடு வந்துவிட்டன. காது வளையக்கூட இல்லை. 45 சதவீத ராடு போட்டவற்றில் காது வளைந்தது, பாதம் மெல்ல மெல்லச் சுருண்டு எழுந்தது, கை வலிக்க இழுக்க வேண்டியிருந்தது. பிரிந்த பிறகு இரண்டு முகத்திலும் உலோகம் இருந்தது. நடுவில் கிழிந்த சொரசொரப்பு. ஒன்றில் காது வருவதற்கு முன் சுவர்த் தகடே கிழிந்தது.

திரும்பி வந்த ஒரு காதை வெளி ஆய்வகம் ஒன்றில் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னோம். எஃகுக்கும் பற்றுக்கும் நடுவே விடாமல் ஓடும் மெல்லிய படலம் ஒன்றையும், விரிசல் அந்தப் படலத்துக்குள்ளேயே போவதையும், அங்கே பாஸ்பரஸ் செறிந்திருப்பதையும் காட்டினார்கள்.

## எடுத்த முடிவுகள்

எந்த உறைக்கு எந்த ராடு போனது என்ற பதிவு எங்களிடம் இல்லை. அதனால் 15 சதவீத ராடு ஸ்டோருக்கு வந்த நாளிலிருந்து செய்த எல்லா உறைகளையும் திரும்பக் கேட்டோம். ‘தட்டிப் பார்த்து, ஆடுகிறதை மட்டும் மாற்றலாம்’ என்ற யோசனையும் வந்தது. நான் மறுத்தேன். நொறுங்கும் படலம் உள்ள இணைப்பு முறியும் நிமிடம் வரை ஆடாது. தட்டினாலும் கெட்டியாகவே ஒலிக்கும்.

திரும்பி வந்தவற்றை எப்படிச் சரிசெய்வது என்பதில்தான் வாக்குவாதம். மூத்தவர், “கிரைண்டரில் பளபளன்னு எஃகு தெரியும்வரை தேய்ச்சிட்டா போதும்” என்றார். கொள்கையளவில் அது சரி. ஆனால் 1.2 மி.மீ. தகட்டில் படலம் முழுதும் போகும்வரை தேய்த்தால் எவ்வளவு தகடு மிஞ்சும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கொஞ்சம் விட்டுவிட்டாலோ புதிய பற்றின் அடியில் பழைய பாஸ்பைடு உட்கார்ந்திருக்கும். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். காதைத் திருப்பி வைத்தால், நிற்கும் பக்கம் போல்ட் துளையோடு அதே இடத்தில் இருக்கும், பாதம் மட்டும் எதிர்ப்பக்கம், தீண்டாத தகட்டின் மேல் போய் உட்காரும். எல்லா உறையையும் அப்படியே செய்தோம்.

ஸ்டோரில் ‘சில்வர் ராடு’ என்ற சொல்லையே எடுத்துவிட்டோம். ஒன்று ‘எஃகு ராடு 45’, மற்றொன்று ‘செம்புக் குழாய் ராடு, எஃகில் போடாதே’. தனித்தனி டப்பா, தனித்தனிப் பூட்டு. காலையில் ராடு எடுப்பவர் நுனியை அரத்தில் தேய்த்து நிறம் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

## இரண்டாவது முறிவு

இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தோம். சரியான ராடில் திருப்பி வைத்த உறைகளில் ஒன்றை எங்கள் பட்டறைக் கம்ப்ரசரிலேயே மாட்டி ஓடவிட்டிருந்தோம். மூன்றாவது வாரம் ஒரு மூலைக் காதின் குதிகாலில், அதாவது பாதம் மடிந்து எழும் இடத்தில், பெயின்டில் மயிரிழை போல ஒரு கோடு. சுரண்டிப் பார்த்தால் இணைப்பு அங்கிருந்து திறக்கத் தொடங்கியிருந்தது.

இம்முறை முகத்தில் குறையில்லை. இரு பக்கமும் உலோகம் இருந்தது. குறை காதின் வடிவத்தில். அது நாங்கள் வரைந்த வடிவம்.

பிரேசிங் இணைப்பு இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்க முயலும் வெட்டு விசையை நன்றாகத் தாங்கும். ஒரு ஓரத்திலிருந்து தூக்கி உரிக்கும் விசையை மிக மோசமாகவே தாங்கும். உரிக்கும்போது முழுப் பரப்பும் வேலை செய்வதில்லை. ஓரத்திலுள்ள ஒரு மெல்லிய கோடு மட்டும் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது, அது விட்டதும் அடுத்த கோடு. எங்கள் ‘ட’ காதில் போல்ட் இழுக்கும் ஒவ்வொரு அதிர்வும் குதிகாலை உரித்துக்கொண்டிருந்தது.

பாதம் எவ்வளவு நீளம் வேண்டும் என்ற கணக்கையும் அப்போதுதான் முறையாகப் போட்டோம். தகட்டின் இழுவலிமை சதுர மி.மீ.க்கு 300 நியூட்டன், பற்றின் வெட்டு வலிமை 170, குறைபாடுகளுக்கு இடம்விட 0.8 என்று வைத்தால் 300 × 1.2 ÷ (0.8 × 170), ஏறக்குறைய 2.65 மி.மீ. மெல்லிய தகட்டின் பருமனைப்போல் மூன்று மடங்கு என்ற கைக்கணக்கும் 3.6 மி.மீ. என்றே சொல்கிறது. நாங்கள் வைத்திருந்ததோ 12 மி.மீ. மூன்று மடங்குக்கு மேல் அதிகம், ஆனாலும் திறந்தது. நீளத்தைக் கூட்டினால் உரிவு நிற்காது. குதிகால் கோடு அதே நீளம்தான்.

அந்த 12 மி.மீ. இன்னொரு கெடுதலும் செய்தது. உரித்த மாதிரிகளை மறுபடி எடுத்துப் பார்த்தால், பாதத்தின் நடுவில் சிறு தீவுகளாகப் பிளக்ஸ் சிக்கியிருந்தது. உருகிய ராடு இடுக்குக்குள் நுண்புழை ஈர்ப்பால் ஓடும்போது பிளக்ஸை முன்னே தள்ளிக்கொண்டு போக வேண்டும். வழி நீளமானால் அது வெளியேறாமல் மாட்டிக்கொள்கிறது.

இடுக்கின் அளவையும் அளந்தோம். வெள்ளி ராடுக்கு 0.05 முதல் 0.13 மி.மீ. வரை இடைவெளி இருந்தால்தான் பற்று முழு வலிமை தரும். எங்கள் காதுகளில் வெட்டுப் பிசிறு நீக்காத ஓரம் ஒரு பக்கத்தைத் தூக்கி 0.3 மி.மீ. வரை விட்டது. பிசிறு இல்லாதவற்றைக் கிளாம்ப் இறுக்கியதில், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. அங்கே ராடு ஓடவே வழியில்லை.

## மாற்றியவை, அதன்பின் நடந்தவை

காதை மாற்றினோம். இப்போது ஒவ்வொரு மூலையிலும் இரண்டு ‘ட’க்கள் முதுகோடு முதுகு சேர்ந்து நிற்கின்றன, பாதங்கள் இரு பக்கமும் விரிந்திருக்கும், ஒரே போல்ட் இரண்டையும் பிடிக்கும். ஒரு பக்கத்துக் குதிகாலைத் தூக்க முயலும் விசையை மறுபக்கப் பாதம் அமுக்கிப் பிடிக்கிறது. பாதம் 12-லிருந்து 8 மி.மீ. ஆனது. மூலைகளை வளைவாக்கி, நுனியை அரத்தால் சரிவாக்கினோம்.

பாதத்தின் அடியில் சென்டர் பஞ்சால் மெல்ல மூன்று புள்ளி. எழும்பும் குமிழ் 0.1 மி.மீ. அருகே இடைவெளியை நிறுத்துகிறது. கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் இடுக்கு மூடுவதில்லை.

பற்றவைக்கும் தம்பிக்குப் பிளக்ஸைப் பார்த்துச் சூடறியப் பழக்கினோம். முதலில் அது நீர் வற்றி வெளுக்கும், 300 டிகிரியைத் தாண்டும்போது பொரிந்து உப்பும், பிறகு படிந்து பால்போலாகும், 600 டிகிரியை ஒட்டித் தண்ணீர்போல் தெளியும். தெளிந்த பிறகே ராடு தொட வேண்டும், சுடரால் ராடை உருக்காமல் தகட்டின் சூட்டாலேயே உருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் ராடு கொடுத்து, எதிர் ஓரத்தில் மெல்லிய வெள்ளிக் கோடு வரும்வரை காத்திருக்க வேண்டும். கோடு வராத காது அடுத்த மேசைக்குப் போகாது. விளிம்பைச் சுற்றித் தடித்த வரப்பு கட்டுவதை நிறுத்தச் சொன்னோம். அது உள்ளே நிறைந்ததற்கு அடையாளம் இல்லை; உள்ளே போகாமல் வெளியே நின்றதற்கும் அடையாளமாக இருக்கலாம்.

ஒவ்வொரு நாளும் முதல் காதை உரித்துப் பார்க்கிறோம். உரித்த முகத்தைத் தேதியோடு பலகையில் ஆணியடித்து வைக்கிறோம்.

மறுபடி முதலிலிருந்து செய்வதானால், முதல் புகார் வந்த அன்றே டார்ச்சை எடுக்க விடமாட்டேன். உடைந்த பாகம் உடைந்தபடியே என் மேசைக்கு வர வேண்டும் என்பது இப்போது எழுதிவைத்த நடைமுறை. ராடு மாறிய அன்றே, உறை ஒன்றும் போகும் முன், உரித்துப் பார்த்திருப்பேன். ஒரு மாதிரிக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. காதின் வடிவத்தை வரைந்தபோது, விசை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று ஒரு அம்புக்குறி போட்டிருந்தால்கூட ‘ட’ வடிவம் வந்திருக்காது.

புதிய காதுகள் போன எட்டு மாதத்தில் எந்த இணைப்பும் திறக்கவில்லை. ஓர் உறை மட்டும் வந்தது. காதின் இரு பாதங்களும் கெட்டியாக இருந்தன. பாதத்தின் நுனியை ஒட்டி, சுவர்த் தகட்டில் 20 மி.மீ. நீளத்துக்கு விரிசல். பலவீனமான இடம் இணைப்பிலிருந்து தகட்டுக்கு நகர்ந்திருக்கிறது. அந்த மூலைக்கு உள்ளே ஓர் ஆதரவுத் தகடு வைத்து, பட்டறைக் கம்ப்ரசரில் மாட்டி ஓடவிட்டிருக்கிறோம். விரிசல் விழுந்த துண்டு, தேய்க்காமல், என் மேசையில் இருக்கிறது.